தறி உத்தரத்தில் தொங்கிய தூளி

எதிர் போர்ஷனில் நேற்று வசம்பு சுட்டார்கள். விளக்குத் தீயில் வசம்பைக் காட்டினால் முதலில் ஒரு காரமான நெடி வரும், பிறகு லேசாக இனிக்கிற மாதிரி ஒரு வாசனை. பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருக்கும் அந்தப் பெண் கையில் கரியோடு வாசலில் நின்று, "ஆன்ட்டி, இதத் தேன்ல கொழச்சு நாக்குல தடவினா கொழந்த சீக்கிரம் பேசுமாமே, நெஜமா?" என்று என்னைக் கேட்டாள். நான் ஏதோ மழுப்பிவிட்டு உள்ளே வந்து ஜன்னலைச் சாத்தினேன். என்னைப் பற்றி என்ன நினைத்தாளோ. வசம்பு வாசனை வந்தால் மற்றவர்களுக்குப் பச்சைக் குழந்தை ஞாபகம் வரும் என்பார்கள். எனக்கு என் நாத்தனார் ஞாபகம்தான் வரும். இத்தனை வருடம் ஆகியும் அந்த ஞாபகம் நல்லவிதமாக வருவதில்லை.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன் ஐயா" சொல்வதற்கே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எனக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். ஒருநாள் அவள் வரவில்லை. நான் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே எனக்கு ஆப்சென்ட் விழுந்தது. பத்தாவது வரை இப்படியே ஓட்டினேன். எங்கள் ஊர் மாகறல். அப்பா ஒரு நெல் வியாபாரியிடம் வேலை பார்த்தார். வீட்டில் தறி கிடையாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்னைக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா பெருமையாக, "எம் பொண்ணு அதிர்ந்து ஒரு வார்த்த பேச மாட்டா" என்றாள். அதைக் கேட்டு வருங்கால நாத்தனாரின் முகம் மலர்ந்தது. ஏன் மலர்ந்தது என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்த வீட்டில் பேசுவதற்கு ஏற்கனவே ஆள் இருந்தது.

நாத்தனார் என் கணவருக்கு அக்கா. பெயர் சகுந்தலா. கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டிலேயே இருந்தாள். அவள் கணவர் வீட்டோடு மாப்பிள்ளை, வாய் திறக்காத மனிதர். மாமனார் மாமியார் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் சாவிக்கொத்து அவள் இடுப்பில். கூடத்தில் இரண்டு தறி. ஒன்றில் என் கணவர், இன்னொன்றில் அவள் கணவர். தரையில் வெட்டிய குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதியை அழுத்தினால், புடவைப் பூவுக்கான இழைகளைத் தூக்கித் தர தலைக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டி ஒரு தூக்குத் தூக்கி இறங்கும். என் கணவர் தறியில் அந்தப் பெட்டியைத் தாங்கிய கட்டைகளை வீட்டின் நடு உத்தரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு மிதிக்கும் உத்தரம் அதிரும். சுவர் அதிரும். சமையலறை அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு கிணுகிணுக்கும்.

தறிச் சத்தம் சங்கீதம் மாதிரி என்று ஒரு வாரப் பத்திரிகையில் யாரோ எழுதியிருந்தார்கள். எழுதியவர் ஒரே ஒரு மத்தியானம் தலைவலியோடு அந்தக் கூடத்தில் படுத்து எழுந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்.

அந்த வீட்டில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் காதில் விழாது. பக்கத்தில் போய்த் தோளைத் தட்ட வேண்டும். இல்லையென்றால் தரையில் காலால் ஓங்கி ஒரு மிதி. தறியில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார், கையைக் காட்டிச் சாப்பிட வாருங்கள் என்று சொல்லிவிடலாம். வந்த புதிதில் எனக்கு இது எவ்வளவு வசதியாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லி முடியாது. புருஷனை எப்படிக் கூப்பிடுவது என்று புதுப்பெண்கள் எல்லாம் கூச்சப்படுவார்கள். நான் காலைத் தட்டியே குடித்தனம் நடத்தினேன்.

எனக்கும் நாத்தனாருக்கும் ஒரே பருவத்தில் குழந்தை உண்டானது. அவளுக்குப் பையன், தினேஷ். அவன் பிறந்த சூட்டோடு மாகறலில் எனக்குப் பெண் பிறந்தாள், வனிதா. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, சமையலறையை ஒட்டிய நடையில் காற்றோட்டமான கொக்கியில் தினேஷின் தூளி ஆடிக்கொண்டிருந்தது. வனிதாவுக்கு எங்கே கட்டுவது என்று தெரியாமல் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"கூடத்துல கட்டிக்கோ. தறி உத்தரத்துல எடம் இருக்குது இல்ல?" என்றாள் நாத்தனார்.

"அங்க சத்தமா இருக்குமேக்கா."

"பொட்டப் புள்ளதானே? சத்தத்துல தூங்கக் கத்துக்கட்டும். நாளைக்கு வாக்கப்பட்ட எடத்துல மெத்தையா போட்டு வெச்சிருக்கப் போறாங்க?"

அவள் பையனுக்கு நடை. என் பெண்ணுக்குத் தறி. உத்தரத்தில் கயிற்றைப் போட்டுக் கட்டினேன்.

ஆனால் வனிதா தூங்கினாள். அப்படித் தூங்கினாள். தலைக்கு மேலே பெட்டி தடதடவென்று ஏறி இறங்கும், கீழே இவள் வாயைச் சப்பிக்கொண்டு கிடப்பாள். தறி நின்றால்தான் முழிப்பாள். இழை அறுந்து என் கணவர் தறியை நிறுத்தினால் போதும், தூளிக்குள் கால் உதைக்க ஆரம்பிக்கும், பிறகு ஒரு வீறல். நான் கிணற்றடியில் துணி துவைத்தாலும் பாத்திரம் தேய்த்தாலும் காது தறியிலேயே இருக்கும். தறி நின்றதும் கையில் சோப்பு நுரையோடு ஓடுவேன். ஓடிப் போய்ச் சேர்வதற்குள் முழித்திருப்பாள்.

இதைப் பார்க்கத் தெருவில் இருந்தே ஆள் வந்தார்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாள் ஒருத்தி வந்து, என் கணவரை நிறுத்தச் சொல்லி, குழந்தை முழிப்பதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாள். "நெசவுக்காரன் பொண்ணுடியம்மா இது! அப்பன் வேல செய்யறானா ஏமாத்தறானான்னு தூக்கத்துலயே கவனிக்கிது. இன்னா காது, இன்னா காது!" என்றாள். என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். குழந்தை வளர்வதை நான் ஆற அமர அனுபவித்தேன் என்று சொல்ல முடியாது. போட்டிப் பந்தயம் பார்ப்பது மாதிரிதான் பார்த்தேன். தினேஷுக்குத் தலை நிற்பதற்கு முன்பே வனிதாவுக்கு நின்றது. அவன் மல்லாந்து கிடந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவள் குப்புறக் கவிழ்ந்தாள். அவன் கொழுகொழுவென்று அரிசி மூட்டை மாதிரி வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பான். இவள் வாசற்படி தாண்டித் தவழ்ந்து போவாள். முதல் பல்லும் இவளுக்குத்தான். பல் கொழுக்கட்டை செய்து தலையில் கொட்டியபோது, நாத்தனார் ஒரு கொழுக்கட்டையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "எங்க புள்ள நிதானமா வளரும். அவசரப்பட்டு மொளச்ச பல்லு அவசரமா சொத்தையாவும்" என்றாள். பிறகு இவள் தறிக் காலைப் பிடித்து நின்றாள், ஒருநாள் அதை விட்டுவிட்டு என் கணவரை நோக்கி நடந்தும் விட்டாள். கூடத்தில் எல்லோரும் பார்த்தார்கள். "பொட்டப் புள்ள சீக்கிரமா நடந்தா ஊர் சுத்தும்" என்றாள் நாத்தனார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த தலைக்குள் மேளம் கொட்டியது.

அந்த மேளத்தில் வேறொன்றை நான் சரியாகக் கவனிக்கவில்லை. ஆரம்பத்தில் இரண்டு குழந்தைகளும் ஒரே மாதிரிதான் 'ங்கா ங்கா' என்று கொஞ்சின. பல் முளைத்த சமயத்தில் தினேஷின் 'ங்கா' மாறி 'தத்தா' ஆயிற்று, 'மம்மா' ஆயிற்று. வனிதாவின் 'ங்கா' மாறவில்லை. அது குறைந்துகொண்டே வந்து, எப்போது நின்றது என்றே தெரியாமல் நின்றுவிட்டது. அழுகை இருந்தது, சிரிப்பு இருந்தது, வீறல் இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய அந்தக் கொஞ்சல் மட்டும் இல்லை.

தினேஷ் பேச ஆரம்பித்ததும் வீட்டில் காற்று திசை மாறியது. நாத்தனார் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் வந்து நிற்பாள். தறி ஓடாத நேரமாகப் பார்த்துத்தான் வருவாள். "இது யாரு கண்ணு?" "மாமா." "அது இன்னா கண்ணு?" "காக்கா." பிறகு வனிதாவைக் காட்டி, "இது யாரு?" என்பாள். "பாப்பா" என்பான். "பாப்பா பேசுமா?" என்பாள். அந்தப் பையன் என்ன சொல்வான் பாவம், "பேதாது" என்பான். அவளுக்குச் சிரிப்புப் பொங்கும். அவன் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. கோபத்தை எல்லாம் மொத்தமாக அவன் அம்மாவுக்கே கொடுத்துவிட்டிருந்தேன்.

ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன். "அக்கா, வனிதா பேரச் சொன்னா திரும்ப மாட்டேங்கிறா. காதுல ஏதாவது..."

"காதுலயா?" என்று அவள் அப்படியே நின்றாள். "தறி நின்னா முழிச்சிக்கிற கொழந்தைக்குக் காதுல இன்னாடி? இங்க பாரு." பூஜைத் தாம்பாளத்தை எடுத்துவந்து குழந்தையின் முதுகுக்குப் பின்னால் தரையில் ஓங்கி அடித்தாள். வனிதா திடுக்கிட்டுத் திரும்பினாள். "பாத்தியா? காது நல்லாத்தான் இருக்குது. வாயிதான் இல்ல. அது எங்கருந்து வரும்? பெத்தவ வாயத் தொறந்தாதான புள்ள வாயத் தொறக்கும்? நீ ஊமக்கோட்டான் மாதிரி உக்காந்துக்கினு இருந்தா அது யாரப் பாத்துப் பேசும்?"

அந்த வார்த்தை என் மேல் ஒட்டிக்கொண்டது. தெருவுக்கும் அது பிடித்துவிட்டது. தண்ணீர் பிடிக்கப் போனால், "பேசும்மா, கொழந்தகிட்ட ஏதாவது பேசிக்கினே இரு. உன்னாலதான அதுக்கு வாயி வரல" என்பார்கள், நல்லெண்ணத்தில். என் கணவர்கூட ஒருநாள், "கொஞ்சம் பேசேம்மா அதுகிட்ட" என்றார். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. என் கூச்சம்தான் ஒரு வியாதி மாதிரிப் பாலோடு போய் என் பெண்ணின் நாக்கைக் கட்டிவிட்டது என்று. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பேச முயன்றேன். என்ன பேசுவது? அரிசி களைந்தேன், மழை வரும்போல இருக்கிறது, என்று யாரோ வெளியாளிடம் பேசுவது மாதிரி இரண்டு வார்த்தை. அதற்குள் தறி ஓட ஆரம்பித்துவிடும். எனக்கே என் குரல் கேட்காது.

வைத்தியத்தை நாத்தனார் ஏற்றுக்கொண்டாள். தினமும் வசம்பு. சுட்டு, தேய்த்து, தேனில் குழைத்து, விரலால் நாக்கில் வைத்து அழுத்தித் தேய்ப்பாள். குழந்தை ஓங்கரித்து என்னைப் பார்க்கும். "சும்மா இரு, இது ஒனக்கும் தடவணும்" என்பாள் என்னிடம். வரதர் கோயிலுக்குக் கூட்டிப் போய்த் தங்கப் பல்லியைத் தொட வைத்தாள். நாக்குக்கு அடியில் நரம்பு கட்டியிருக்கிறது என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு அதை அறுக்கவும் கிளம்பினாள். நல்லவேளை, அதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றார் என் கணவர். போனோம். அந்த டாக்டர் தன் இரும்பு மேஜையில் குழந்தையை உட்காரவைத்து, பின்னால் நின்று பேனாவால் மேஜையைத் தட்டினார். வனிதா திரும்பினாள். "காது ஃபர்ஸ்ட் கிளாஸ்மா. சில கொழந்தைங்க லேட்டாதான் பேசும். வீட்ல நல்லாப் பேசுங்க" என்றார். நாத்தனார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, படித்தவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

இதற்கிடையில் தினேஷுக்கு மத்தியானத் தூக்கம் பிடிக்காமல் போயிற்று. நடையில் தூளியை எவ்வளவு ஆட்டினாலும் எழுந்து உட்கார்ந்துகொள்வான். கூடத்தில் வனிதா கல் மாதிரித் தூங்குவதைப் பார்த்துப் பார்த்து நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் காலை இரண்டு தூளிகளையும் அவளே அவிழ்த்தாள்.

"இந்த எடத்துலதான் ராசி இருக்குது. இதுல தூங்கித்தான் உம் பொண்ணு அப்பிடி ஓடுச்சி. இனிமே எம் புள்ள இங்க, உம் பொண்ணு அங்க."

மோசமான இடம் என்று எங்களுக்கு ஒதுக்கியதை, நல்ல இடம் என்று தெரிந்ததும் பிடுங்கிக்கொண்டாள். அவளைப் பற்றி யாராவது கேட்டால் இந்த ஒன்றைச் சொன்னால் போதும்.

அன்று மத்தியானம் நான் கிணற்றடியில் இருந்தேன். கூடத்தில் தினேஷ் கத்திக்கொண்டிருந்தான். தலைக்கு மேல் பெட்டி இடிக்கிற இடி அவனுக்குப் பழக்கமில்லை. அவனைச் சமாதானப்படுத்த முடியாமல் நாத்தனாரும் கத்தினாள். கடைசியில் என் கணவர் தறியை நிறுத்தினார். அந்தத் தறி நின்ற கணமே நான் ஓடினேன், கால் அப்படிப் பழகியிருந்தது. சோப்பு நுரையோடு நடைக்குப் போய்த் தூளியை விலக்கினேன்.

வனிதா தூங்கிக்கொண்டிருந்தாள்.

முதலில் நான் சந்தோஷப்பட்டேன், கொஞ்ச நேரம் வேலையை முடிக்கலாம் என்று. திரும்பி நடந்தேன். தறி மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. திரும்பிப் பார்த்தேன். தூளியில் ஒரு அசைவு இல்லை. நடைக் கொக்கி இருந்தது பிறகு தனியாக எழுப்பிய வேறு சுவரில். தறி உத்தரம் அதைத் தொடவில்லை. தூளிக் கயிற்றில் கையை வைத்துப் பார்த்தேன். கயிறு சும்மா இருந்தது. கூடத்தில் கட்டியிருந்தபோது அந்தக் கயிறு எப்போதும் கைக்குள் ஒரு வண்டு மாதிரித் துடித்துக்கொண்டே இருக்கும். தரையில் அடித்த தாம்பாளம் ஞாபகம் வந்தது. டாக்டரின் இரும்பு மேஜை ஞாபகம் வந்தது.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் தினேஷைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "இன்னாடி பண்ண அந்த எடத்துல? எதுனா மந்திரிச்சி வெச்சியா? எம் புள்ள அலறுது, உம் பொண்ணு இங்கயும் சொகமா தூங்குது! ஊமையா இருந்துக்கினே எல்லா வேலையும் பாப்பியா நீ?"

நான் கத்தினேன். என்ன வார்த்தை என்று முழுசாக ஞாபகமில்லை. "வாய மூடுங்க" என்று ஆரம்பித்தது. அதுவரை என் வாழ்க்கையில் நான் அப்படிக் கத்தியதில்லை. எனக்குள் அந்த மாதிரி ஒரு குரல் இருந்ததே எனக்குத் தெரியாது. தினேஷ் பயத்தில் வீறிட்டான். கிணற்று மேடையில் இருந்த காக்கைகள் எழும்பிப் பறந்தன. பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே தெலுங்குக்கார அம்மாளின் தலை தெரிந்தது. நாத்தனார் விடுவாளா? அவளும் பதிலுக்குக் கத்தினாள். தூளிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். எங்கள் இரண்டு பேர் வாய்க்கும் ஒரு முழம் கீழே வனிதா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, வாயோரம் எச்சில் ஒழுக, தூங்கிக்கொண்டிருந்தாள்.

நாத்தனாரின் கண் தற்செயலாகக் கீழே போயிற்று. பாதி வார்த்தையில் நின்றாள். குனிந்து குழந்தையின் காதுக்குப் பக்கத்தில், தூளியைத் தொடாமல், கையைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதுவும் நெடுநேரம் நீடிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் தெருவில் போய், "நான்தான் கண்டுபுடிச்சேன். தூளிய மாத்திக் கட்டுனதாலதான தெரிஞ்சிது, பெத்தவளுக்கு எங்க தெரியும்?" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இதில் கொடுமை என்னவென்றால் அது உண்மை. அவள் அந்த இடத்துக்கு ஆசைப்படாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை நாள் என் பெண் அந்த உத்தரத்தில் தொங்கியிருப்பாளோ. அவள் எனக்குச் செய்த ஒரே நல்லதையும் கெட்ட எண்ணத்தோடுதான் செய்தாள்.

டாக்டரிடம் மறுபடி போனதும் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் வனிதாவை என் மடியில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் வெளியே வந்து, "ரெண்டு காதும் ரொம்பக் கம்மிம்மா. பொறந்ததுல இருந்தே இப்படித்தான்" என்றாள். என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கேட்க நினைத்தது ஒன்றுதான்.

"நான் வீட்ல அதிகமாப் பேச மாட்டேன் மேடம். அதனாலயா?"

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். "யாரும்மா உங்ககிட்ட அப்படிச் சொன்னது?" என்றாள் கோபமாக. யார் என்று நான் சொல்லவில்லை. மனசுக்குள் பெயரை முழுசாக, இனிஷியலோடு சொல்லிக்கொண்டேன்.

காது மெஷின் கொடுத்தார்கள். அப்போதெல்லாம் அது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. நெஞ்சில் ஒரு துணிப் பையில் வைத்துக் கட்டி, அதிலிருந்து ஒயர் காதுக்குப் போகும். வீட்டுக்கு வந்து கூடத்தில் அதைப் போட்டோம், தறி ஓடியது, வனிதா அலறிக்கொண்டு பிய்த்து எறிந்தாள். எல்லாச் சத்தத்தையும் அந்தப் பெட்டி பெரிதாக்கும், பேச்சையும் தறியையும் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. "அமைதியான வீடா பாருங்க. யாராவது ஒருத்தர் முகத்துக்கு நேரா உக்காந்து நாள் பூராப் பேசணும். ஏற்கனவே லேட்டு. இனிமே விட்டா பேச்சு வராது" என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

தனியாகப் போக வேண்டும் என்று நான் சொன்னேன். நானே சொன்னேன், காலைத் தட்டாமல்.

நாத்தனார் குதித்தாள். "ஒரு பொட்டப் புள்ள பேசறதுக்காகத் தறி வீட்ட உட்டுட்டுப் போவியாடா? இன்னா, நாளைக்கு மேடையேறிப் பேசப் போவுதா? உம் பொண்டாட்டி பேசாம நீ குடும்பம் பண்ணல?" என் கணவர் எழுந்தார். ஸ்டூலைப் போட்டு ஏறி நடைக் கொக்கியிலிருந்து தூளிக் கயிற்றை அவிழ்த்தார். அந்த மனிதரிடம் எனக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் அந்தக் கயிற்றை அவிழ்த்ததற்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

சின்ன காஞ்சிபுரத்தில், தறியே இல்லாத ஒரு சந்தில், ஓய்வுபெற்ற வாத்தியார் வீட்டின் பின்பக்கம் எங்களுக்குக் கிடைத்தது. இவர் சைக்கிளில் தறிக்குப் போய் வந்தார். நான் பேசினேன். பேசவே பிடிக்காத எனக்கு வேறெந்தத் தண்டனையும் இவ்வளவு பொருத்தமாகக் கிடைத்திருக்காது. இது தக்காளி, தக்காளி, சிவப்புத் தக்காளி. இது தண்ணி, அம்மா தண்ணி ஊத்தறேன். விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும், வாயை அகலத் திறந்து, முகத்துக்கு நேராக. வாத்தியார் மனைவி ஒருநாள் பின்கட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, பொழுது பூரா யாரோட இப்படிக் கத்திண்டிருக்கே?" குழந்தையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து அவளும் வந்து உட்கார்ந்து, "இது கத்திரிக்கா, கத்திரிக்கா" என்று கத்த ஆரம்பித்தாள். வனிதா எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு சத்தமும் வராது. பூனைகூட எங்களைப் பார்த்து ஓடும். சில நாள் தக்காளியைச் சுவரில் அடித்திருக்கிறேன்.

ஒரு பொங்கல் சமயம் நாத்தனார் தினேஷைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் அப்போது வாக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தான். வந்ததும் சாமான்களைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், "இன்னா, ஒண்ணும் வரலியா இன்னும்?" என்றாள். வனிதா எழுந்து போய் அவளுக்கு நேராக நின்றாள். அந்தப் பழைய வீட்டில் பட்டு நூல் பக்கம் போனாலே நாத்தனார் கையை வீசி அவளை விரட்டுவாள். அந்த வாயை என் பெண் நன்றாகப் பார்த்து வைத்திருந்தாள்போல. உதட்டைக் குவித்தாள். கையை வீசினாள்.

"போ" என்றாள்.

தெளிவாக, அடிவயிற்றிலிருந்து. என் பெண்ணின் முதல் வார்த்தை. வாத்தியார் மனைவி, "பேசிடுத்து! பேசிடுத்து!" என்று கத்திக்கொண்டு முன்கட்டுக்கு ஓடினாள். "பேச்சு வர்றதுக்கு முந்தியே மரியாத போச்சு பாரு" என்றாள் நாத்தனார். நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்ப் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. எத்தனையோ தக்காளியும் கத்திரிக்காயும் சொல்லிக் கொடுத்தோம். அவள் தேர்ந்தெடுத்தது அதை.

பிறகு மெதுவாக எல்லாம் வந்தது, கொஞ்சம் மூக்கோடு, கொஞ்சம் தட்டையாக. பழகினவர்களுக்கு முழுக்கப் புரியும். இப்போது அவள் ஒரு டைப்பிங் சென்டரில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி, போன வருடம் அவளுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த மறுநாளே ஆஸ்பத்திரியில் ஒரு பெண் வந்தாள். தூங்கும் குழந்தையின் காதில் நிலக்கடலை அளவுக்கு எதையோ வைத்தாள், கையில் இருந்த சின்ன மெஷினைப் பார்த்தாள், அடுத்த காதுக்கு மாற்றினாள். மாஸ்க் போட்டிருந்ததால் அவள் வாய் வனிதாவுக்குத் தெரியவில்லை. என் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு காதும் நல்லா இருக்குதும்மா" என்றாள் அந்தப் பெண்.

"கேக்குதாம். ரெண்டும்" என்று வனிதாவுக்கு வாயசைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பெண் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான். அடுப்பில் பால் பொங்குகிற நேரம்கூட ஆகவில்லை. யார் மேல் என்று தெரியாமல் எனக்கு ஒரு ஆத்திரம் வந்தது.

நாத்தனாரும் அங்கே இருந்தாள். யாரும் சொல்லாமலே ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். முழங்கால் தேய்ந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவ்ளோதானா?" என்றாள். "இது அப்பவே இருந்திருந்தா..."

நான் குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டேன்.

"அந்த வீட்ட இடிச்சிட்டாங்க, தெரியுமில்ல? பட்டுக் கடைக்காரன் வாங்கி வண்டி நிறுத்தற எடமா ஆக்கிட்டான். தறி நின்ன எடத்துல கார் நிக்குது. உத்தரத்த எவனோ வெறகுக்கு எடுத்துக்கினு போயிட்டான்."

"தெரியும்" என்றேன். இடிக்கிற அன்று போய் எதிர்ப்பக்கம் நின்று பார்த்திருந்தேன். கூடம் போயிற்று, நடை போயிற்று, அலமாரி போயிற்று. என் பெண்ணுக்கு ஒரு சத்தமும் போய்ச் சேராத அந்த மாதங்கள் அதற்கு முன்பே போயிருந்தன. ஒன்றுக்காகவும் எனக்கு வருத்தம் வரவில்லை, அந்த மாதங்களைத் தவிர.

நாத்தனார் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றாள். "உக்கார எடம் இருக்குதா?" என்று சுற்றும் முற்றும் பார்த்தாள்.

அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை.